மூச்சு சீரான பிறகும் மீளாத நாள்கள்: கடும் நிமோனியாவோடு வார்டில் இருந்த இரண்டரை வயதுக் குழந்தை – நிகழ்வு ஆய்வு

குழந்தை ஆண். வயது 2 ஆண்டு 7 மாதம், எடை 11.2 கிலோ. ஊர் உசிலம்பட்டியை ஒட்டிய கிராமம். தாய் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறார். தகப்பனார் மினி பஸ் ஓட்டுகிறார். வீட்டில் அப்பத்தாவும் ஆறு வயது அண்ணனும் இருக்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்த வாரம் அது. மூன்று நாள் சளி, இரண்டு நாள் காய்ச்சல். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சளி சிரப் இரண்டு நாள் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் பாலும் குடிக்காமல் துவண்டு கிடக்க, சுமார் 40 கி.மீ. தள்ளி மதுரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இது ஒரே குழந்தையின் கோப்பு அல்ல. மதுரை வட்டாரத்தில் மழைக்காலம் தொடங்கி மார்கழிப் பனி வரை குழந்தைகள் வார்டுகளில் வழக்கமாகக் காணும் போக்கை வைத்து, கற்பித்தலுக்காகத் தொகுத்த நிகழ்வு. குழந்தையின் எண்கள் அந்தத் தொகுப்புக்கு உரியவை. மருந்தளவுகளும் வரம்புகளும் நடைமுறையில் இருப்பவை.

சேர்க்கும்போது

இரவு 9 மணி. காய்ச்சல் 39.1 டிகிரி செல்சியஸ். மூச்சு நிமிடத்துக்கு 54. ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ஐத் தொட்டாலே வேகமூச்சு. விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கியது, மூக்குத் துவாரம் விரிந்தது. விரலில் பார்த்த ஆக்சிஜன் அளவு 86%. வீசிங் எனப்படும் விசில் போன்ற மூச்சுச் சத்தம் இல்லை. வலப்பக்கம் கீழே மூச்சொலி குறைந்திருந்தது. எக்ஸ்ரேயில் அதே இடத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தது, நீர் கோத்திருக்கவில்லை. குடிக்க முடியாமல் போனதும் ஆக்சிஜன் 90-க்குக் கீழ் இறங்கியதும் சேர்ந்ததால் இது கடும் நிமோனியா.

சிகிச்சை நேரடியானது. மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் நிமிடத்துக்கு 2 லிட்டர். கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து இரண்டு: ஆம்பிசிலின் கிலோவுக்கு 50 மி.கி. கணக்கில் 560 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஜென்டாமைசின் கிலோவுக்கு 7.5 மி.கி. கணக்கில் 84 மி.கி., நாளுக்கு ஒரே முறை. பாராசிட்டமால் 165 மி.கி., அதாவது 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 3.3 மி.லி. (கடைகளில் 120, 125, 250 என்று பல வீரியத்தில் கிடைக்கிறது. அளவை மி.லி.யில் மட்டும் எழுதிக் கொடுத்தால் வீட்டில் தவறுவது உறுதி.)

மருத்துவக் கணக்கில் இது நன்றாக முடிந்த நிகழ்வு. மூன்றாம் நாள் ஆக்சிஜன் நின்றது, நான்காம் நாள் ஊசி நின்று வாய்வழி அமாக்சிசிலின் தொடங்கியது, ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் குழந்தை பழையபடி விளையாட, உறங்க, அந்நியர் முகம் பார்த்து அலறாமலிருக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கேஸ் ஷீட்டில் ஏறாத அந்தப் பகுதியைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கிறோம். அதில் பெரும்பங்கு நோயால் வந்ததல்ல. நாம் வேலை செய்யும் முறையால் வந்தது. அதனால்தான் அதை மாற்றவும் முடியும்.

முதல் இரவு

படுக்கையருகே வைத்த தாளில் யார் எப்போது குழந்தையைத் தொட்டார்கள் என்று குறித்தபோது கிடைத்த வரிசை இது. 10 மணிக்கு ஊசிக்குழாய் போட்டு முதல் மருந்து. 10.40-க்கு எக்ஸ்ரே. 12-க்கு காய்ச்சல் பார்த்தது. 1 மணிக்கு நெபுலைசர். 2-க்கு நாடி, மூச்சு, பிரஷர். 4-க்கு ஆம்பிசிலின். 5.30-க்கு ரத்தம் எடுத்தது. 6 மணிக்கு வார்டு கூட்டி பினாயில் போட்டுத் துடைக்க, கட்டிலடியில் பாயில் கிடந்த தாயை எழுப்பினார்கள். குழந்தை இடைவிடாமல் தூங்கிய அதிகபட்ச நேரம் 1 மணி 20 நிமிடம்.

இதில் ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானதுதான். ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியாததால்தான் இரவு துண்டு துண்டாகிறது. வேகமாக மூச்சு வாங்கும் குழந்தைக்குத் தூக்கம்தான் ஓய்வு. அதைக் கெடுத்தால் மறுநாள் சாப்பிட மறுக்கும், எரிச்சலில் குழாயைப் பிடுங்கும், அழும்போது ஆக்சிஜன் அளவு இன்னும் இறங்கும்.

இரண்டாம் நாள் செய்த மாற்றங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆம்பிசிலின் நேரம் குழந்தை வந்து சேர்ந்த நேரத்தால் 10–4 என்று விழுந்திருந்தது. இரண்டு வேளைகளில் அரை மணி நேரம் அரை மணி நேரமாகத் தள்ளி 11–5 ஆக்கினார்கள். ஜென்டாமைசினை மாலை 5 மணி ஆம்பிசிலினோடு சேர்த்தார்கள். இரவு 11.30 முதல் 5 வரை ஆக்சிஜன் அளவைக் கால்விரலில் மாட்டிய உணர்கருவியிலும் (புரோப்) மூச்சு எண்ணிக்கையைக் கண்ணாலும் மட்டும் பார்ப்பது. நிலை மோசமானால் தவிரத் தொடுவதில்லை. நல்ல முன்னேற்றம் தெரிந்ததால் வழக்கத்துக்காக மறுநாள் எடுக்கவிருந்த ரத்தப் பரிசோதனை கைவிடப்பட்டது. இரண்டாம் இரவு இடைவிடாத தூக்கம் 3 மணி 40 நிமிடம். மூன்றாம் இரவு 5 மணி நேரம்.

நெபுலைசரும் அன்றே நின்றது. இங்கே பேச்சுவழக்கில் அதற்குப் 'புகை வைப்பது' என்று பெயர். மூச்சு வாங்கும் குழந்தை என்றாலே புகை வைக்க வேண்டும் என்பது பெற்றோரின் எதிர்பார்ப்பு மட்டுமல்ல, பல வார்டுகளின் பழக்கமும்கூட. வீசிங் இல்லாத நிமோனியாவில், நெபுலைசரில் வைக்கும் சால்பூட்டமால் என்ற மூச்சுக்குழல் விரிக்கும் மருந்து பயன் தராது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகத்தை மாஸ்க்கால் அமுக்கியதால் வந்த பயமும் மிஞ்சும். "சிஸ்டர், பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் புகை வைக்கிறீங்க, எம்புள்ளைக்கு ஏன் வைக்கல?" என்று தாய் கேட்டது நியாயமான கேள்வி. நெஞ்சில் விசில் சத்தம் வரும் பிள்ளைகளுக்குத்தான் அது, உங்கள் பிள்ளைக்குச் சளி நுரையீரலின் ஒரு மூலையில் கட்டியிருக்கிறது, அதற்கு ஊசி மருந்துதான் வேலை செய்யும் என்று ஸ்டெதாஸ்கோப்பைத் தாயின் காதிலேயே வைத்துக் காட்டினார்கள். அதன்பின் அவர் கேட்கவில்லை.

ஊசிக்குழாய்

முதல் இரவு மூன்று முறை குத்திய பிறகுதான் வலது புறங்கையில் மஞ்சள் நிற 24 எண் குழாய் நின்றது. கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, இருவர் கைகாலைப் பிடித்துக்கொள்ள, தாயை வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள். முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது ஆகிய ஐந்தையும் பார்த்து 0 முதல் 10 வரை போடும் ஃப்ளாக் வலி அளவுகோலில் 9.

இரண்டாம் நாள் மதியம் அந்தக் கை வீங்கியது. குழந்தை வலது கட்டைவிரல் சூப்பும். அந்தக் கையால்தான் தின்னும். அந்தக் கையைக் கட்டிப்போட்டால் தேற்றிக்கொள்ளும் வழியும் போகிறது, சாப்பாடும் போகிறது, குழாயும் நிலைக்காது. எந்தக் கை என்று தாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தவிர்த்திருக்கலாம்.

மறுபடி போட்டபோது முறை வேறு. படுக்கையில் போடவில்லை, சிகிச்சை அறைக்குத் தூக்கிப்போனார்கள். படுக்கை குழந்தைக்குப் பாதுகாப்பான இடமாகவே இருக்க வேண்டும், அங்கே குத்தினால் பிறகு யார் கட்டிலருகே வந்தாலும் அலறும். தாய் நாற்காலியில் உட்கார, குழந்தை அவர் நெஞ்சோடு நெஞ்சாக, கால்கள் இடுப்பைச் சுற்றி. இடது கை மட்டும் தாயின் கக்கத்துக்குப் பின்னால் நீட்டியபடி. மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே பூசி மூடியிருந்தார்கள். "வலிக்காது சாமி" என்று பொய் சொல்லவில்லை. "சுருக்குன்னு இருக்கும், அம்மா பிடிச்சிருக்கேன், டப்புனு முடிஞ்சிரும்" என்று தாயே சொன்னார். ஒருவருக்கு இரண்டு முயற்சிதான், அதற்குமேல் கைதேர்ந்தவரை அழைப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். ஒரே முயற்சியில் நின்றது. ஃப்ளாக் 5.

பிளாஸ்திரி கையைச் சுற்றி முழு வட்டமாக ஒட்டக்கூடாது, ரத்த ஓட்டத்தை நெரிக்கும். விரல் நுனிகள் தெரிய வேண்டும், முழங்கை மடங்க வேண்டும். ஆம்பிசிலினை ஒரே அமுக்காக ஏற்றினால் ரத்தக்குழாய் எரியும். நீர்த்து 10 முதல் 15 நிமிடத்தில் ஏற்றினால் குழந்தை தூக்கத்திலேயே இருக்கும். ஒவ்வொரு ஷிப்டிலும் கட்டைப் பிரித்துச் சிவப்போ வீக்கமோ உண்டா என்று பார்த்தால், கை வீங்கிய பிறகு கண்டுபிடிக்கும் நிலை வராது.

ஆக்சிஜன்: எண்ணைப் பார்ப்பதும் குழந்தையைப் பார்ப்பதும்

மூக்குக் குழாயின் முனைகள் துவாரத்துக்குள் சற்றே நுழைந்தால் போதும்; துவாரத்தை அடைக்கும் அளவு தடிமன் கூடாது. கன்னத்தில் மூக்கை ஒட்டி இருபுறமும் ஒட்டினால் தலை திரும்பினாலும் நகராது. குழந்தை பிடுங்கியதற்குக் காரணம் அடம் அல்ல. காய்ந்த சளி முனையை அடைத்து மூக்கு அரித்ததுதான். சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன் இரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு உப்புநீர் விட்டுத் துடைத்ததும் பிடுங்குவது பாதியாகக் குறைந்தது. இந்த அளவு ஆக்சிஜனுக்கு நீர்க்குப்பி கட்டாயமில்லை.

மூன்றாம் நாள் காலை 2 லிட்டரில் 96%. குழாயை எடுத்துப் பத்து நிமிடம் பார்த்ததில் 93%. எடுத்தே வைத்தார்கள்; அரை மணி கழித்து ஒரு முறை, பிறகு அன்று முழுக்க மூன்று மணிக்கொரு முறை பார்த்தார்கள். சிக்கல் இரவில் வந்தது. 3 மணிக்கு ஆழ்ந்த தூக்கத்தில் 89 என்று சில நொடி காட்டிக் கருவி கத்தியது. மறுபடி ஆக்சிஜன் வைத்துவிடுவது சுலபம். வைத்தால் இன்னொரு நாள், இன்னொரு இரவு. செவிலியர் புரோபைச் சரிசெய்து, மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணினார். 36. நெஞ்சு உள்வாங்கவில்லை, நிறம் நன்றாக இருந்தது, அளவு தானாக 92-க்கு ஏறியது. விட்டுவிட்டார். தேறிவரும் குழந்தைக்குத் தூக்கத்தில் இப்படிச் சில நொடி இறங்குவது வழக்கம். ஆக்சிஜன் நின்ற பிறகு கருவியை இடைவிடாமல் மாட்டி வைப்பதைவிட இடையிடையே பார்ப்பதே போதும். அலாரத்தால் விழிப்பது குழந்தையும் தாயும் மட்டுமல்ல, அந்த வரிசையே விழிக்கும்.

சோறும் கட்டிலடிப் பாயும்

11.2 கிலோவுக்கு நாளொன்றுக்குத் தேவையான நீர் சுமார் 1,060 மி.லி. முதல் பன்னிரண்டு மணி நேரம் டிரிப்ஸ் ஓடியது, பிறகு வாய்வழி. நிமிர்த்தி மடியில் வைத்து, அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு மூன்று வாய். ஒரேயடியாகக் குடிக்க வைத்தால் மூச்சுக்கும் விழுங்கலுக்கும் இடையே திணறிப் புரையேறும். பால் கலந்த கஞ்சியும் குழைத்த பருப்புச் சோறும் இறங்கின. வாழைப்பழத்தைத்தான் குழந்தை கேட்டது. சளிக்கு ஆகாது என்று அப்பத்தா தடுத்துவிட்டார். நோயில் குழந்தை தானாகக் கேட்கும் ஒரே உணவைத் தடுப்பது பெரிய இழப்பு. பழமோ தயிரோ நிமோனியாவைக் கூட்டுவதில்லை. அப்பத்தாவிடம் தனியே உட்கார்ந்து பேசிய பிறகுதான் மாறியது. வீட்டில் முடிவெடுப்பவர் யாரோ அவரிடம் பேசாமல் தாயிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. வீடு திரும்பும்போது எடை 10.8 கிலோ.

தாய் நான்கு இரவும் பாயில். சாப்பாடு வாங்கப் போனால் குழந்தை அழும் என்று முதல் நாள் தேநீரோடு ஓட்டினார். ஆளில்லாமல் தோட்டத்தில் கூலி போனது. மூத்த பிள்ளை அம்மாவைத் தேடிப் பள்ளிக்குப் போகவில்லை. இதெல்லாம் மருத்துவமனை வேலை இல்லை என்று ஒதுக்கலாம். ஆனால் குழந்தையைத் தேற்றும் ஒரே ஆள் அவர்தான், அவர் சாய்ந்தால் வார்டில் அதற்கு மாற்று மருந்து கிடையாது. மாலையில் தகப்பனார் வந்ததும் தாயை இரண்டு மணி நேரம் கட்டாயமாக வெளியே அனுப்பி, குளித்துச் சாப்பிட்டு வரச் சொன்னார்கள். தகப்பன் மடியில் மருந்து கொடுக்கவும் அப்போதுதான் பழக்கினார்கள். மூத்தவனோடு தினம் ஒரு வீடியோ அழைப்பு.

இன்னொன்றும் உண்டு. "பேசாம இரு, ஊசி போடச் சொல்லிருவேன்" என்று அடுத்த கட்டிலில் சொன்ன சொல் இந்தக் குழந்தைக்கும் கேட்டது. வார்டில் யாரும், பணியாளர் உட்பட, ஊசியை மிரட்டலுக்குப் பயன்படுத்தக்கூடாது. ஊசி இல்லாத காலி சிரிஞ்சைக் கையில் கொடுத்துப் பொம்மைக்குத் 'தண்ணி மருந்து' கொடுக்க விட்டார்கள். மூன்றாம் நாள் குழந்தை முதலில் பேசிய சொல் அந்தப் பொம்மையிடம்தான்.

வாழ்க்கைத் தரத்தை அளந்த விதம்

பயன்படுத்தியது குழந்தைகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் பெட்ஸ்க்யூஎல் (PedsQL) பொது வினாத்தாளின் 2–4 வயதுப் படிவம். உடல் 8, உணர்வு 5, பழகல் 5, பள்ளி 3 என 21 கேள்விகள்; இந்த வயதில் பெற்றோர்தான் பதில் சொல்ல முடியும். கேட்கும் சிரமம் 'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 100, அடுத்தடுத்து 75, 50, 25, 'ஏறக்குறைய எப்போதுமே' என்பதற்கு 0, சராசரிதான் மதிப்பெண். உரிமை பெற்று, ஏற்கப்பட்ட தமிழ்ப் படிவத்தையே பயன்படுத்த வேண்டும். அவரவர் மொழிபெயர்த்துக் கேட்டால் எண்களை ஒப்பிட முடியாது. ஒவ்வொரு முறையும் அதே ஆளிடம் கேட்க வேண்டும். தாயும் தகப்பனும் ஒரே குழந்தைக்கு வேறு வேறு எண் தருவார்கள். களைத்துப்போன தாய் குறைத்தே சொல்வார் என்பதால் தூக்க நேரம், ஃப்ளாக், எடை மூன்றையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

நோய்க்கு முந்தைய மாதத்தை நினைவிலிருந்து கேட்டது, வீடு திரும்பும் நாள், நான்காம் வாரம் என்று மூன்று முறை. கடைசி இரண்டுக்கும் 'கடந்த 7 நாள்' படிவம். உடல் பகுதி 96.9, 40.6, 84.4. உணர்வுப் பகுதி 95, 30, 70. பெற்றோர் பதிலில் 4.5 புள்ளி மாறினாலே பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்பது இந்த அளவுகோலை உருவாக்கியவர்கள் தந்த வரம்பு. இங்கே நான்காம் வாரத்திலும் உணர்வுப் பகுதி 25 புள்ளி பின்தங்கியிருந்தது. மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இது மறைந்துவிடும். கேள்வி கேள்வியாகப் பார்த்தால் பயம், தூக்கம் இரண்டும்தான் 50-லேயே நின்றன. நுரையீரலில் சத்தம் சுத்தமாகிவிட்டது, எடை 11.3, குழந்தை மட்டும் இரவில் இரண்டு முறை விழித்து அழுதது, மோட்டார் சைக்கிளில் மதுரைப் பக்கம் திரும்பினாலே தகப்பனைக் கட்டிக்கொண்டது, பழகியிருந்த கழிப்பறைப் பழக்கத்தையும் விட்டிருந்தது.

வீட்டுக்கு அனுப்பியபோது சொன்னவை

அமாக்சிசிலின் 450 மி.கி. காலை, இரவு, ஊசி நாள்களையும் சேர்த்து மொத்தம் 7 நாள். முதல் வேளையைத் தாயே அளந்து காட்டிய பிறகுதான் அனுப்பினார்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம், சிரிஞ்சால் கன்னத்து ஓரமாக. இரண்டு வாரத்துக்கு தினம் ஒரு வேளை கூடுதல் சாப்பாடு. இருமல் மூன்று நான்கு வாரம் இழுக்கும், அதற்குப் பயந்து சிரப் தேட வேண்டாம். ஒரு வயது தாண்டியவருக்கு இரவில் அரை டீஸ்பூன் தேன் போதும். குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னது. முதலில் கடையில் வாங்கியதும் அதே சேர்க்கைதான்.

குளிப்பாட்டிய பின் மூக்கில் எண்ணெய் விடுவதை அப்பத்தா வழக்கமாகச் செய்துவந்தார். எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலில் தங்கி, மருந்துக்குக் கேட்காத நிமோனியாவாகும். அதை நிறுத்தியாக வேண்டும். சாம்பிராணிப் புகை, கொசுவத்தி, விறகடுப்புக்குப் பக்கத்தில் தூளி, மூன்றும் அப்படித்தான். தூளியை முன்கூடத்துக்கு மாற்றிக் கொசுவலை கட்டினார்கள். கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கருகே தடவுவதும் வேண்டாம்.

உடனே திரும்பி வர வேண்டிய அறிகுறிகளைத் தாளில் எழுதியதோடு, தாயைத் திருப்பிச் சொல்லவும் வைத்தார்கள்: குடிக்க மறுப்பது, நெஞ்சு உள்வாங்குவது, தூங்கும்போது எண்ணினால் மூச்சு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், எழுப்பினாலும் துவளுவது, வலிப்பு, காய்ச்சல் நின்று மறுபடி வருவது. இரவில் என்றால் விடியும்வரை காத்திராமல் 108.

பயமும் தூக்கமும் பற்றிச் சொல்லாமல் அனுப்பியதுதான் குறை. நான்காம் வாரச் சந்திப்பில்தான் அது பேசப்பட்டது: ஒட்டிக்கொள்வதும் இரவில் அழுவதும் சில வாரம் இருக்கும், அடிக்கவோ வெட்கப்படுத்தவோ வேண்டாம், ஒரே நேரத்தில் ஒரே ஆள் தூங்க வைக்கட்டும், காலி சிரிஞ்சு விளையாட்டு தொடரட்டும், கழிப்பறைப் பழக்கத்தை ஒரு மாதம் வற்புறுத்தாமல் விடட்டும். முதல் நாளே சொல்லியிருந்தால் அப்பத்தா 'சீர் தட்டியிருக்கு' என்று இரண்டு முறை மந்திரிக்கக் கொண்டுபோன அலைச்சலும், பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற தாயின் பயமும் மிச்சமாகியிருக்கும். இப்போது வீடு திரும்பும் தாளில் இதற்கென நான்கு வரி சேர்ந்திருக்கிறது.

பத்தாம் வாரம் அதே படிவம், அதே தாய்: உணர்வு 90. தூக்கம் 100-க்கு வந்துவிட்டது, பயம் 75. அங்கன்வாடிக்கு மறுபடி போகிறான். தடுப்பூசி அட்டையில் நியூமோகாக்கல் ஊசி மூன்று தவணையும் இருந்தது. அன்று ஊசி எதுவும் இல்லை; எடை பார்த்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்க அவன் விட்டது முதலில் பொம்மைக்கு வைத்த பிறகுதான். அடுத்த சந்திப்பு மூன்று மாதம் கழித்து, உசிலம்பட்டியிலேயே.